பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள்: கொட்டாஞ்சேனையில் ஒரு பங்கு யாருக்காக இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் வாசலில் பேக்கைத் திறந்து காட்டச் சொல்லுவார்கள். 2019க்குப் பிறகு அது பழகிப்போன ஒன்று. ஆனால் பெயரைக் கேட்க மாட்டார்கள். வேதமா சைவமா என்றும் கேட்க மாட்டார்கள். உள்ளே போனால் நெற்றி நிறையத் திருநீறு பூசின அம்மா ஒருவர் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம் சுரூபத்தின் கண்ணாடியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். முக்காடு போட்ட பெண்களையும் நாங்கள் அந்த வரிசையில் கண்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முதல் எங்கட குழுவில் நாலு பேர் அங்கே போயிருந்தோம். இரண்டு பேர் வேதம், ஒருத்தி சைவம், இன்னொருவர் எந்தப் பக்கமும் இல்லை. 155 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்போதுதான் சண்டை தொடங்கியது. "கோயில் எல்லாருக்கும் பொதுதான். ஆனா பங்கு எண்டுறது உங்கட ஆக்களுக்கு மட்டும்தானே?" என்று கேட்டாள் சைவக்காரி. அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு வேதப் பள்ளிக்கூடத்துக்கு அவளைச் சேர்க்கப் போனார்களாம். ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறித்தான் அவள் பதின்மூன்று வருடம் படித்தாள்.

"பங்கு எண்டா பூசை, ஞானஸ்நானம், கலியாணம், சவம். அவ்வளவுதான். அதுக்கு ஒரு எல்லை வேணும்தானே?" என்றார் எங்களில் ஒருவர். எல்லை வேண்டும் என்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்பவர்கள் யார்? அவர்களுக்கும் அந்தப் பங்குக்கும் என்ன உறவு? பஸ்ஸில் பதில் கிடைக்கவில்லை. அதனால் கொட்டாஞ்சேனையின் பழைய கதைகளுக்குள் போய்த் தேடினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலில் வந்தது.

சொல்லுக்குள்ளேயே ஒரு முரண்

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'பாரிஷ்' என்கிறோமே, அதன் வேர் 'பரோய்க்கியா' என்ற கிரேக்கச் சொல். அந்நிய ஊரில், அந்த ஊராரின் பக்கத்தில், உரிமை இல்லாமல் தங்கியிருப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் தங்களை அப்படித்தான் பார்த்தார்கள். வந்தேறிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்த ஊருக்கு முழுதாகச் சொந்தமில்லாதவர்கள்.

பிறகு அந்தச் சொல் ஒரு நிலப்பரப்பின் பெயராக மாறியது. இந்த ஆற்றிலிருந்து அந்தத் தெருவரைக்கும் ஒரு பாரிஷ் என்று கோடு போட்டார்கள். 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக் குருவும் திருமணங்களையும் ஞானஸ்நானங்களையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்நியராகத் தங்கியிருந்தவர்கள், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெழுதும் ஆட்களாக மாறிவிட்டார்கள்.

தமிழில் நாங்கள் அதைப் 'பங்கு' என்கிறோம். பங்கு என்றால் கூறு, பிரித்துக் கொடுத்த பாகம். பகிர்வது என்றும் எடுக்கலாம், 'இது என்ர பங்கு, கை வைக்காதே' என்றும் எடுக்கலாம். கொட்டாஞ்சேனையின் 250 வருட வரலாற்றில் இந்த இரண்டு அர்த்தமும் மாறி மாறி வந்திருக்கின்றன. ஒரு பக்கம் பதிவேடு, மறுபக்கம் வாசல். பதிவேடு தன்னுடைய ஆட்களை எண்ணும், வாசல் வருகிறவர்களை எண்ணாமல் விடும்.

இரண்டு தரம் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள்

1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். 1658இல், கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கோயில்கள் புரட்டஸ்தாந்துக் கோயில்களாக மாறின. ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு உபாத்தியார், அவரிடம் ஒரு தோம்பு. பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் அந்தத் தோம்பில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் கலியாணம் செல்லாது. கலியாணம் செல்லாவிட்டால் பிள்ளைக்குச் சொத்தில் உரிமை இல்லை.

இதற்குச் சனங்கள் என்ன செய்தார்கள்? பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒல்லாந்துக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரைத் தோம்பில் ஏற்றினார்கள். பிறகு ஒரு இரவில், ஒளிந்து திரியும் கத்தோலிக்கச் சுவாமி யாராவது ஊருக்குள் வந்தால், வீட்டுக்குள்ளேயே பூசை, செபம், ஆசீர்வாதம். பதிவேட்டில் ஒரு மதம், குசினிக்குள் இன்னொரு மதம். பிரித்தானியர் வந்தபோது தோம்பில் மட்டும் கிறிஸ்தவர்களாக இருந்த இப்படியான சனங்களை 'அரசாங்கக் கிறிஸ்தவர்கள்' என்று கேலியாகச் சொன்னார்கள். எங்களுக்கு இதைக் கேலியாகப் பார்க்க முடியவில்லை. அரசு ஒரு படிவத்தை நீட்டி, அதில் இருக்கும் பெட்டிக்குள் அடங்கச் சொல்லும்போது மனிதர்கள் எப்படித் தப்பிப் பிழைப்பார்கள் என்பதற்கு இது எங்கட தீவின் பழைய உதாரணங்களில் ஒன்று.

அந்த இரவுச் சுவாமிமாரில் முதலில் நினைக்க வேண்டியவர் யோசேப் வாஸ். கோவாவைச் சேர்ந்தவர், 1651இல் பிறந்தவர். 1687இல் வேடம் மாறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சனங்கள் நோயாளிகளை விட்டுவிட்டு ஓடியபோது, வாஸ் அவர்களைப் பராமரித்தார். மதம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கண்டி இராச்சியத்தில் அவர் நடமாடத் தடை இருக்கவில்லை. 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். எங்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக அந்தக் கூட்டத்துக்குள் இருந்தோம். வெயில்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இதே வழியில் கொழும்புக்கு வந்தவர்தான் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ சுவாமி. அவரைப் பற்றிக் கோயிலில் பரம்பரையாகச் சொல்லப்படும் கதை இப்படி. வியாபாரி வேடத்தில் திரிந்த அவரை ஒல்லாந்தர் துரத்தினார்கள். அவர் முகத்துவாரத்து மீனவர்களிடம் ஓடினார். அங்கே கடல் ஊருக்குள் ஏறிக் குடிசைகளை அரித்துக்கொண்டிருந்தது. "கடலை நிப்பாட்டித் தாங்கோ, உங்களை நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்றார்கள் மீனவர்கள். அவர் கரையில் ஒரு சிலுவையை நட்டு மூன்று நாள் செபம் செய்தார். கடல் பின்வாங்கி மணல் திட்டு தெரிந்தது. பிடிக்க வந்த ஒல்லாந்தரும் அவரை விட்டுவிட்டார்கள். அவருக்கு நிலமும் கிடைத்தது. அந்த நிலத்தில் எழுந்த மண் சுவர்ச் சிற்றாலயம்தான் இன்றைய கொச்சிக்கடைக் கோயிலின் தொடக்கம்.

கடல் உண்மையில் பின்வாங்கியதா என்பது எங்கட கேள்வி இல்லை. சனங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கதையை ஏன் இப்படிச் சொல்லி வந்தார்கள் என்பதுதான் கேள்வி. இதில் மீனவர்கள் முதலில் கேட்டது பூசையும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. காலுக்குக் கீழே நிலத்தைக் கேட்டார்கள். சுவாமி கேட்டது ஒளிந்துகொள்ள ஒரு இடம். ஓடி வந்த ஒருவருக்கும், இருக்கும் இடத்தை இழந்துகொண்டிருந்த ஒரு ஊருக்கும் நடந்த உடன்படிக்கை அது. அந்தச் சிற்றாலயத்தின் முதல் வேலை அடைக்கலம். பதிவேடு பிறகுதான் வந்தது.

ஓநாய்ப் பள்ளத்தாக்கும் துறைமுகமும்

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் இன்னொரு பழைய கோயிலையும் காணலாம். வுல்ஃபெண்டால் கோயில். 1749இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தார்கள். பெயருக்கு 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். இலங்கையில் ஓநாய் எங்கே? அங்கே முன்பு போர்த்துக்கேயரின் குவாதலூப்பே மாதா கோயில் இருந்ததாம். அந்தப் பெயர் சனங்களின் வாயில் திரிந்து, கடைசியில் ஒல்லாந்தர் அதை ஓநாய் என்று விளங்கிக்கொண்டு மொழிபெயர்த்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு மாதா ஓநாயாகிப் போனார். ஆட்சி மாறும்போது ஊர்ப் பெயருக்கு என்னவெல்லாம் நடக்கிறது என்று நாங்கள் இன்றைக்கும் பார்க்கிறோம்தானே.

1796இல் பிரித்தானியர் வந்தார்கள். 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கினார். ஒளிந்திருந்த மதம் தெருவுக்கு வந்தது. கொச்சிக்கடையில் பெரிய கோயில் கட்டி 1834 ஜூன் 13, அந்தோனியார் பெருநாளன்று, அபிஷேகம் செய்தார்கள். பக்கத்தில் ஜிந்துப்பிட்டியில் கொழும்புச் செட்டிகளும் தமிழ் அங்கிலிக்கன்களும் வழிபட்ட தோமையார் கோயில். 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலை 1859இல் எழுதிய சைமன் காசிச் செட்டி இந்தச் செட்டிச் சமூகத்தவர்தான். 1865இல் பெனடிக்ட் கல்லூரி, 1869இல் நல்லாயன் கன்னியர் மடம். 1870களில் லூசியா பேராலயத்தின் இன்றைய பெரும் கட்டடம் எழத் தொடங்கியது.

இதே காலத்தில்தான் கொழும்புத் துறைமுகமும் வளர்ந்தது. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார்கள், 1885இல் அது முடிந்தது. காலியை விட்டுக் கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின. மூட்டை தூக்க, நிலக்கரி ஏற்ற, வண்டி இழுக்க ஆட்கள் வேண்டும். தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் சனங்கள் வந்து கொட்டாஞ்சேனையின் தோட்டங்களில் ஒண்டிக் குடியிருந்தார்கள். பரதர்கள், செட்டிகள், சிங்களக் கரையார், பறங்கியர், சோனகர், மலையாளிகள் எல்லாரும் ஒரே தெருவில். பொன்னம்பலவாணேசர் கோயிலும் இந்தச் சுற்றாடலில்தான். அந்நிய ஊரில் பக்கத்து வீட்டுக்காரராகத் தங்கியிருப்பவர்கள் என்ற பழைய கிரேக்க அர்த்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா?

மணி அடித்த ஞாயிறு

ஆனால் எல்லாம் நல்ல கதை இல்லை. வாசலைப் பற்றிப் பேசும் யாரும் 1883 மார்ச் 25ஐத் தாண்டிப் போக முடியாது.

லூசியா பேராலயத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் தீபதுத்தாராமய விகாரை. அதன் தலைவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873இல் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு நடந்த பெரிய விவாதத்தால் தீவு முழுக்கப் பெயர் பெற்றவர். 1883 தவக்காலத்தில் அந்த விகாரையில் விழா நடந்துகொண்டிருந்தது. ஊர்வலங்கள், பறைகள், கூட்டம். பௌத்தர்கள் மாதாவை இழிவுபடுத்தும் பொம்மைகளைக் கொண்டு வருகிறார்கள் என்று வதந்தி பரவியது. உயிர்த்த ஞாயிறன்று விகாரையை நோக்கி வந்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கக் கூட்டமொன்று தாக்கியது. கோயில் மணிகள் ஒலிக்க, நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஆட்கள் திரண்டார்கள். பௌத்தர் ஒருவர் கொல்லப்பட்டார், பலர் காயப்பட்டார்கள். மாட்டு வண்டிகள் அடித்து நொறுக்கப்பட்டன.

குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற பௌத்தர்களின் முறைப்பாடுதான் 1884இல் ஹென்றி ஒல்கொட்டை லண்டன் வரைக்கும் கொண்டுபோனது. அதன் பிறகு 1885இல் வெசாக் பொது விடுமுறை நாளானது. அந்த வெசாக்கன்று பௌத்தக் கொடி ஏற்றப்பட்ட இடங்களில் ஒன்று அதே தீபதுத்தாராமயம். இன்றைக்கு உலகம் முழுக்கப் பறக்கும் அந்தக் கொடியின் கதையில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரின் கல்லெறியும் இருக்கிறது.

எங்களுக்கு உறுத்துவது ஒன்றுதான். 120 வருடத்துக்கு முதல் இரவில் ஒளிந்து பூசை கண்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். துன்பப்பட்ட சமூகம் அதனாலேயே இரக்கமுள்ளதாகிவிடாது. தெரு எங்கட பங்கு, எங்கட பெருநாள், எங்கட எண்ணிக்கை என்று நினைத்த நிமிடத்தில் பங்கு ஒரு வேலியாக மாறியது. அடைக்கலம் கேட்டு வருகிறவனுக்குத் திறக்கும் அதே கதவை வைத்தே ஆட்களை வெளியே நிறுத்தவும் முடியும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பூசை எந்த மொழியில்?

இருபதாம் நூற்றாண்டில் வேலி இன்னொரு இடத்தில் முளைத்தது. அது மொழி.

1960கள் வரைக்கும் பூசை லத்தீனில். கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்த் துறைமுகத் தொழிலாளியும் ஒரு சிங்கள மீனவரும் ஒரு பறங்கி எழுதுவினைஞரும் ஒரே பூசையில் முழங்காலில் நிற்பார்கள். மூன்று பேருக்கும் விளங்காது, அந்த வகையில் சமம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு சொந்த மொழியில் பூசை வந்தது. நல்ல விஷயம். அம்மம்மாமார் முதல்முறையாகக் குருவானவர் சொல்வதை விளங்கிக் கேட்டார்கள். ஆனால் இலங்கையில் அது வந்தது 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு. ஒரே பூசை மூன்றாகப் பிரிந்தது. இத்தனை மணிக்குச் சிங்களம், இத்தனை மணிக்குத் தமிழ், இத்தனை மணிக்கு ஆங்கிலம். ஒரே பங்கில் இருந்துகொண்டு, ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே போகும் சனங்களானோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வேதக்கார நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், உன்ர பங்கில் சிங்களப் பூசைக்கு வரும் எத்தனை பேரின் பெயர் தெரியும் என்று. எங்கட இரண்டு பேரும் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதை. 1960–61இல் அரசாங்கம் உதவி பெறும் மதப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுத்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் இரவு பகலாகக் குந்தியிருந்து எதிர்த்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்து பேசித்தான் அது தணிந்தது. பல பள்ளிக்கூடங்கள் அரசிடம் போயின, நகரத்தின் சில பெரிய பள்ளிக்கூடங்கள் தனியாக நின்றன. நின்றவற்றில் இடம் குறைவு, ஆட்கள் கூட. அங்கேதான் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒரு டிக்கெட்டாக மாறியது. எங்கட தோழி ஏறிய இரண்டு பஸ்ஸுக்கும் வேர் இங்கேயும் இருக்கிறது.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் ஏராளம். பள்ளிக்கூடமும் கோயிலும் சிங்களத்துக்கு மாற, ஓரிரண்டு தலைமுறையில் பேரப்பிள்ளைகள் சிங்களவர்களாகவே வளர்ந்துவிட்டார்கள். அப்பாச்சி தமிழில் செபம் சொல்லுவார், பேத்திக்கு விளங்காது. ஒரு பங்கு எந்த மொழியில் ஞானஉபதேசம் நடத்துகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு சமூகம் ஐம்பது வருடத்துக்குப் பிறகு யாராக இருக்கும் என்பதையே அது தீர்மானிக்கலாம். அந்த வகையில், கொழும்பில் இன்றைக்கும் ஒரு தமிழ்ப் பூசை நடப்பதற்கு, அந்தப் பூசையையும் தாண்டிய ஒரு அர்த்தம் இருக்கிறது.

படிவங்களின் காலம்

1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, தெகிவளை. கும்பல்களின் கையில் பட்டியல்கள் இருந்ததாக அன்றைக்குத் தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் எந்த இலக்கம் தமிழருடையது என்று எழுதிய பட்டியல். பதிவேட்டின் மிகக் கொடிய வடிவம் அதுதான். பள்ளிக்கூடங்களும் கோயில்களும் முகாம்களாயின. 'லங்கா கல்யாணி' கப்பலில் ஆயிரக்கணக்கானோர் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். சிங்கள அயலவர்கள் ஒளித்து வைத்த கதைகள் கொழும்பில் அநேகமாக ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இருக்கின்றன. அயலவர் அடித்த கதைகளும் இருக்கின்றன.

பிறகு யுத்தம் நீண்டது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வெள்ளவத்தையின் லொட்ஜ்களையும் ஃபிளாட்களையும் நிரப்பினார்கள். வெளிநாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள், மருந்துக்கு வந்தவர்கள், பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும் அரை மணித்தியாலம் அவர்களுக்கு முக்கியமானது. எங்கே அறை வாடகைக்கு இருக்கிறது, எந்த ஏஜென்சி ஏமாற்றும், எந்தப் பாதை பூட்டியிருக்கிறது, யாரைப் பிடித்தார்கள் என்ற செய்தியெல்லாம் அங்கேதான் கிடைக்கும். எங்கட பெற்றோர் சொல்வது இது. இந்த வேலையைச் செய்யும்படி எந்தத் திருச்சபைச் சட்டத்திலும் எழுதவில்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் பொலிஸ் பதிவு என்று ஒரு தாள் இருந்தது. அடையாள அட்டையோடு அதையும் காட்ட வேண்டும். 2007 ஜூன் 7 விடியற்காலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த 376 பேரும் பரோய்க்கியாவின் பழைய அர்த்தத்துக்கு அச்சொட்டாகப் பொருந்துவார்கள். ஊரில் தங்கியிருக்கிறார்கள், உரிமை இல்லை.

2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். கடற்படையினர் மீது குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கு அது. காணாமல் போனதைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. திறப்பு, மோதிரம், காசு என்று தேடுவார்கள். இந்தத் தீவில் தாய்மார் பிள்ளைகளின் படத்தோடு அவரிடம் போகிறார்கள். அதில் பாதிப் பேர் எந்தப் பங்கின் பதிவேட்டிலும் இல்லாத தாய்மார்.

காலை 8.45

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 அளவில் கொச்சிக்கடையில் குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் வெடித்தது. மொத்தத்தில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் பலர் அந்தச் சுற்றாடலின் தமிழ்க் குடும்பங்கள். நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஊரடங்கு, பூட்டிய ஃபேஸ்புக், வீட்டுக்குள் டீவியின் முன்னால் இருந்த பெரியவர்களின் முகம். அதுதான் எங்கட தலைமுறைக்கு நேராகத் தெரிந்த முதல் பெரிய குண்டுவெடிப்பு. யுத்தம் எங்களுக்குக் கதையாகத்தான் தெரியும், இது அப்படி இல்லை.

அது நடந்தது 1883இல் மணிகள் அடித்த அதே உயிர்த்த ஞாயிறில், அதே சுற்றாடலில். பழிவாங்க ஒரு கூட்டம் திரள்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் முஸ்லிம்கள் மேல் கை வைக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இருந்தும் மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாஞ்சேனையில் 1883 திரும்ப நடக்கவில்லை. வரலாறு எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதிப் பழகிவிட்டோம். நடக்காமல் போனதையும் எழுதி வைக்க வேண்டும்.

கடற்படையினரின் உழைப்போடு கோயில் திருத்தப்பட்டு, ஜூன் 12இல், பெருநாளுக்கு முதல் நாள், மறுபடி திறந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முழு உண்மை இன்னும் வெளிவரவில்லை என்று குடும்பங்கள் இன்றைக்கும் சொல்கின்றன. நீதி கேட்டு ஒரு பங்கு தெருவுக்கு வருவதை இந்த வருடங்களில் பார்த்தோம். அதே குரல் காணாமல் போனவர்களின் தாய்மாருக்காகவும் இதே சத்தத்தில் வந்ததா என்று கேட்கும் தமிழ் வேதக்காரர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

பஸ்ஸில் முடியாத வாதம்

ஆகவே, ஒரு பங்கு எதற்காக இருக்கிறது?

பதிவேடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெயர் எழுதி வைப்பதும் ஒரு வகைப் பராமரிப்புத்தான். 83இல் வீட்டோடு எல்லாக் கடதாசியும் எரிந்த ஒருவருக்கு, அவர் இன்னார் என்று சொல்ல எங்கோ ஒரு கோயிலின் ஞானஸ்நான ஏடு மட்டும் மிஞ்சியிருந்திருக்கலாம். ஆனால் கொட்டாஞ்சேனையின் கதையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எண்ணிக்கையைக் காக்க நின்ற நாட்களில் இந்தப் பங்குகள் தங்களையே இழந்தன. 1883 அப்படி. எண்ணாமல் கதவைத் திறந்த நாட்களில்தான் சனங்கள் அவற்றை ஞாபகம் வைத்தார்கள். கடலை நிறுத்தக் கேட்ட மீனவர்கள், பெரியம்மையில் கைவிடப்பட்ட கண்டிச் சனங்கள், முற்றத்தில் அறை தேடி நின்றவர்கள், செவ்வாய்க்கிழமை வரிசை. ஒரு பங்கை அளக்க வேண்டுமென்றால் அதன் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பயன் இல்லை. பதிவேட்டில் இல்லாத எத்தனை பேர் அதை 'எங்கட கோயில்' என்று சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இதை வாசித்துவிட்டு எங்கட தோழி சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கேல்லத்தானே." அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவள் சொன்னது சரி. அந்தோனியார் கோயில் வாசலில் கேட்காத கேள்வியை, பள்ளிக்கூட வாசலில் ஏன் கேட்கிறோம் என்று வேதக்கார வாசகர்கள் தங்கட பங்கில் கேட்கலாம். சைவ வாசகர்கள் தங்கட கோயில் பரிபாலன சபையிலும், முஸ்லிம் வாசகர்கள் தங்கட பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கலாம். இது ஒரு மதத்தின் பிரச்சினை மட்டும் இல்லை.

இன்னொரு சின்ன வேலையும் இருக்கிறது. உங்கட வீட்டில் அம்மம்மா, தாத்தா யாராவது இருந்தால், 83 ஜூலையில் எந்தக் கதவு திறந்தது, எந்தக் கதவு பூட்டியிருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் கோயிலின் பதிவேட்டிலும் அது இருக்காது. அவர்கள் போன பிறகு கேட்க ஆளும் இருக்காது.